பெண்கள் வார்டுக்குப் பின்னால் இருந்த தோப்பு

உண்ணாமலைக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கமாட்டாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்குவாள். பெண்கள் வார்டின் தரை எப்போதும் சுத்தமாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் சிவசாமி வேடிக்கையாகச் சொல்வார். அந்த வேடிக்கைக்கு அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

அது ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பொன்னமராவதிக்குக் கிழக்கே மூன்று மைலில், சாலையோரத்தில் இருந்தது. ரங்கூனில் தொழில் செய்த ஒரு பெரிய வீட்டார் கட்டிவைத்தது. ஆண்கள் வார்டு சாலையைப் பார்த்தபடி, நான்கு பக்கமும் சன்னல் வைத்துக் கட்டியது. பெண்களுக்கு என்று தனியாக ஒன்று வேண்டும் என்று பிற்பாடு யாரோ சொன்னபோது, நெல் போட்டு வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து வெள்ளையடித்து எட்டுக் கட்டில்களைப் போட்டுவிட்டார்கள். நெல்லுக்குச் சன்னல் எதற்கு? ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் திறந்தால் இரண்டு முழத் தூரத்தில் சுற்றுச்சுவர் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் தோப்பு. வேம்பும் புங்கையும் முப்பது நாற்பது இருக்கும். நடுவில் கிணற்றைச் சுற்றி நாலைந்து இலுப்பை. பெரிய வீட்டுக்குச் சொந்தமான தோப்பு. வார்டுத் துணிகளை அந்தக் கிணற்றடியில்தான் துவைக்க வேண்டும் என்பதால் சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்து, சாவியை ஆயாவிடம் கொடுத்திருந்தார்கள். அந்த ஆயா உண்ணாமலை. நார்த்தாமலைக்காரி. புருஷன் அழகுமலை கல் உடைக்கிறவன். அவன் இருமி இருமிச் செத்துப்போன மறுவருஷம், முப்பத்தொன்பதாம் வருஷத்தில், யாரோ சொல்லி இங்கே வேலைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை.

அடுத்த வருஷம் தை மாதத்தில் கண்ணாத்தாள் என்ற பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இருபது வயதிருக்கும். தலைப்பிரசவம். மூன்று நாள் வலி கண்டு, இங்கே வந்த பிறகு செத்துப் பிறந்தது பிள்ளை. தாயைப் பிழைக்க வைத்ததே பெரிது என்றார் டாக்டர்.

பிழைத்தாள் என்று சொல்வதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. கண்ணாத்தாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் அப்படியே கிடந்தாள். சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம். சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காயும். புண் ஆறிவிட்டது, காய்ச்சல் மட்டும் விடவில்லை. டாக்டர் டானிக் மாற்றி மாற்றிக் கொடுத்தார். மாமியார் முனியாயி கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து, யார் வந்தாலும், "பேச்சே இல்லைங்க. என்னத்தைக் கண்டு பயந்தாளோ," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படிப் பதினாறு நாள்.

பதினேழாம் நாள் காலையில் உண்ணாமலை துணி மூட்டையைத் தலையில் வைத்தாள். பிறகு எதையோ நினைத்தவள்போல அதை இறக்கிவிட்டுக் கண்ணாத்தாளின் கட்டிலண்டை வந்தாள்.

"எந்திரி. தோப்புக்குப் போவோம்."

முனியாயி பதறிப்போனாள். "பச்ச ஒடம்புக்காரியை இலுப்பை மரத்தடிக்கா கூட்டிப் போறே? காத்துக் கருப்பு அடிச்சா நீ பதில் சொல்வியா?"

"இங்கிட்டு மட்டும் என்ன அடிக்காம இருக்கு?" என்றாள் உண்ணாமலை.

நடக்கத் தெம்பில்லாத பெண்ணை அவள் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு புங்கை நிழலில் பழைய ஜமக்காளத்தை விரித்துக் கிடத்தினாள். அவள் பாட்டுக்குத் துணி துவைத்தாள். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. கண்ணாத்தாள் மல்லாந்து படுத்துக் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். மேலே இலைகள் அசைந்தன. ஒரு அணில் கிளையிலிருந்து கிளைக்குத் தாவிக்கொண்டிருந்தது.

மறுநாளும் தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் துணி பிழிந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, அந்த எலை ஏன் பளபளன்னு இருக்கு?"

உண்ணாமலை திரும்பாமலே சொன்னாள். "புங்கை தளுத்திருக்கு. புது எலை அப்படித்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்கிது," என்றாள் கண்ணாத்தாள்.

அவள் உடனே எழுந்து ஓடிவிடவில்லை. இன்னும் பத்து நாள் பிடித்தது. நடுவில் இரண்டு நாள் வாய்விட்டு அழுதாள். அழுததற்குப் பிறகு காய்ச்சல் வரவில்லை. புருஷன் வெள்ளைச்சாமி வண்டி கொண்டுவந்தபோது தானே ஏறி உட்கார்ந்தாள்.

அதிலிருந்து உண்ணாமலை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எந்தக் கட்டிலில் ஆள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறதோ, அந்தக் கட்டிலுக்குப் போவாள். சிலரைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போவாள், சிலரைத் தூக்கிக்கொண்டு போவாள். பயந்து வரமாட்டேன் என்றவர்களும் உண்டு. அவர்களோடு மல்லுக்கு நிற்கமாட்டாள், விளக்குமாற்றை எடுப்பாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் டாக்டர் சிவசாமியிடம் போய் நின்றாள். அவர் எல்.எம்.பி. படித்தவர். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதாலேயே யாரிடமும் கடுமையாகப் பேச வராதவர்.

"ஐயா, ரிஜிஸ்டர்ல பாருங்க. தோப்புக்குப் போனவங்க சீக்கிரம் வீட்டுக்குப் போறாங்க."

"யார் போனாங்க, யார் போகலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பேர் சொல்றேன், நீங்க பாருங்க."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இரண்டு வருஷத்தில் வந்துபோன பெண்களின் பெயர், ஊர், படுத்திருந்த கட்டில் எல்லாம் மனசில் இருந்தன. மூன்று பிற்பகல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் முதலில் அவள் மனம் நோகக்கூடாதே என்றுதான் தாளும் பேனாவும் எடுத்தார். மூன்றாம் நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பிரசவக் காய்ச்சலோடு வந்தவர்களில் தோப்புக்குப் போனவர்கள், போகாதவர்களைவிட நாலைந்து நாள் முன்னதாகவே வீடு திரும்பியிருந்தார்கள்.

"இதுல ஒரு சங்கதி இருக்கு உண்ணாமலை. கொஞ்சம் தெம்பா இருக்கிறவங்கதானே எந்திரிச்சு வெளியே போவாங்க? தெம்பா இருக்கிறவங்க சீக்கிரம் குணமாகிறதுல என்ன அதிசயம்?"

"தெம்பா இருந்தவங்களையா நான் தூக்கிக்கிட்டுப் போனேன்?"

டாக்டர் பேனாவை மூடினார். தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். "நல்ல விஷயம்தான். பெரிய வீட்டுக்கு எழுதினா வார்டுக்கு ரெண்டு சன்னல் வைக்கச் சொல்லலாம். தோப்புப் பக்கம் ஒரு தாழ்வாரம்கூடக் கேட்கலாம். சமயம் பார்த்து எழுதுறேன்."

சமயம் வரவேயில்லை. அவர் எழுதவுமில்லை. மாதத்துக்கு ஒருமுறை அவள் கேட்பாள். "யோசிச்சுக்கிட்டு இருக்கேன். மரத்தடியில படுக்க வச்சா காய்ச்சல் போகுதுன்னு எழுதினா, படிச்ச டாக்டர் எழுதுற மாதிரியா இருக்கும்?" என்பார். உண்ணாமலை வார்டுக்குத் திரும்பிப் போய்ப் பெருக்குவாள்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். பெரிய வீட்டின் தொழில் அங்கே அப்படியே நின்றுபோனது. அதே வருஷத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, பஸ்களின் முதுகில் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டிக் கரி போட்டு ஓட்ட ஆரம்பித்தார்கள். கரிக்கு எங்கு பார்த்தாலும் கிராக்கி. ஒருநாள் பெரிய வீட்டுக் காரியஸ்தர் ஆவுடையப்பன் இரண்டு பேரோடு வந்து தோப்பைச் சுற்றி நடந்தார். ஒருவன் கையில் தார்ச்சட்டி. அவர் கைகாட்டிய மரத்திலெல்லாம் அவன் கறுப்புக் கோடு இழுத்தான். அவர் எந்த மரத்தையும் விட்டுவைக்கவில்லை.

உண்ணாமலை கிணற்றடியிலிருந்து எழுந்து வந்தாள். "என்னங்கய்யா இது?"

"தோப்பைக் கரிக்குக் கொடுத்தாச்சு."

"இங்க சீக்காளிங்க வந்து ஒக்காருவாங்களே."

காரியஸ்தர் முகம் மாறியது. "யாரைக் கேட்டு வந்தாங்க? துணி துவைக்கத்தானே சாவி கொடுத்தோம்?" என்றவர் கையை நீட்டினார். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. இனி துணி துவைக்க வாய்க்காலுக்குப் போகச் சொன்னார்.

அன்று அவள் டாக்டரிடம் போய் நின்ற நிலை வேறு. "அந்தத் தாளை எடுத்துக் கொடுங்க. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

அவர் தயங்கினார். பிறகு எடுத்துக் கொடுத்தார். தன் கையெழுத்து அதில் இல்லை என்பதை ஒருமுறை பார்த்துக்கொண்ட பிறகே கொடுத்தார். அதை அவளும் கவனித்தாள்.

பெரிய வீடு ஐந்து மைல் தள்ளி இருந்தது. முதல் தடவை போனபோது வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை, எஜமானி ஆச்சி கோயிலுக்குக் கும்பிடப் போயிருக்கிறார்கள் என்றார்கள். மூன்றாம் தடவை காலையிலேயே போய்விட்டாள். வீட்டுக்காரர் ரங்கூன் கணக்கைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தார். பின்கட்டுக்கு அப்பால் இருந்த தோட்டத்தில் பிச்சையம்மாள் ஆச்சி உலாவிக்கொண்டிருந்தார்கள். நந்தியாவட்டையும் பவழமல்லியும் பூத்துக் கிடந்தன. ஓர் ஆள் மாடு பூட்டிக் கவலையிறைத்துப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

ஆச்சி தன்மையாகத்தான் பேசினார்கள். தாளை வாங்கிப் படித்தார்கள். "நெசமாவா?" என்று இரண்டு தரம் கேட்டார்கள்.

"நெசம்தாங்க ஆச்சி. மருந்து வேணாம்னு சொல்லலை. மருந்தும் வேணும். ஆனா சுவத்தைப் பார்த்துக்கிட்டே கெடந்தா மருந்து உள்ளே எறங்க மாட்டேங்குது."

"நீ சொல்றது எனக்குப் புரியுது. எனக்கே நெஞ்சு படபடப்பு. காலையில செடிகொடிக்கு நடுவுல அரை மணி நேரம் நடங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதான் நடக்கிறேன். தேவலையாத்தான் இருக்கு."

"அதைத்தாங்க ஆச்சி நானும் கேக்குறேன்."

ஆச்சி நடையை நிறுத்தினார்கள். உண்ணாமலை அதுவரை யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் நாலு மாசம் உள்ளறையில கெடந்தாருங்க. மலையடியில நெழல்ல கொண்டுபோய்ப் போடுடின்னு தெனமும் கேட்டார். காத்துப் பட்டா ஆகாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டுக் கதவைச் சாத்தினேன். வெளியே போட்டிருந்தா பொழைச்சிருப்பாருன்னு நான் சொல்ல வரலை. கண்ணைத் தொறந்தா எதையாவது பார்த்திருப்பார்ல."

ஆச்சியின் கண் கலங்கியது. ஆனால் அவர்கள் சொன்னது இதுதான்: "கரிக்காரர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியாச்சே. ரங்கூன் இப்படிப் போன பொறகு வீட்டு நெலைமை ஒனக்குத் தெரியாது. நான் என்ன செய்யட்டும்?" கொஞ்ச நேரம் யோசித்தார்கள். உள்ளே போய் வந்தார்கள். பின்னால் வேலைக்காரப் பெண் ஒரு பெரிய கண்ணாடிப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சீமையில் அச்சடித்த படம். பச்சைப் புல்வெளி, ஓடை, அடர்ந்த மரங்கள், மூலையில் ஒரு மான்.

"இதை வார்டுல மாட்டு. படுத்திருக்கிறவங்க பார்த்துக்கிட்டு இருக்கட்டும்."

உண்ணாமலை அந்தப் படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஐந்து மைல் நடந்தாள். வழியில் போட்டு உடைத்துவிடலாம் என்று எத்தனை தரம் தோன்றியதோ. அடுத்தவர் பொருளை உடைக்க அவளுக்குக் கை வரவில்லை. டாக்டரே ஆணி அடித்து அதை மாட்டினார். "பாரு, கேட்டதுக்கு ஏதோ கிடைச்சுதுல்ல," என்றார்.

மாசி மாதம் வெட்டத் தொடங்கினார்கள். வார்டில் படுத்திருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். கோடாலிச் சத்தம், பிறகு ஒரு நீண்ட முறிவு, பிறகு சுவரே அதிர்கிற மாதிரி ஒரு விழுகை. ஒவ்வொரு தடவையும் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் வீறிட்டன. பத்தே நாளில் தோப்பு வெட்டவெளியானது.

அதோடு போயிருந்தாலும் சரி. வெட்டிய மரத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வண்டிக்கூலி ஆகும் என்று அங்கேயே அடுக்கி, மண் பூசி, கரி மூட்டம் போட்டார்கள். புகை சுவரைத் தாண்டி நேரே சன்னலுக்குள் வந்தது. சன்னலைச் சாத்தினால் வார்டு புழுங்கியது, திறந்தால் எட்டுக் கட்டிலும் இருமின. உடையப்பன் என்ற குடியானவரின் மனைவி, இழுப்பு நோய்க்காரி, ஒரு மத்தியானம் மூச்சுக்குத் திணறி நீலம் பாய்ந்துவிட்டாள். டாக்டர் ஊசி போட்டார். உண்ணாமலை அவளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். அங்கே புளியமரத்தடியில் காற்று முகத்தில் பட்ட பிறகுதான் அவளுக்கு நிறம் திரும்பியது.

அன்றைக்கு டாக்டர் சிவசாமிக்கே கோபம் வந்தது. உட்கார்ந்து பெரிய வீட்டுக்குக் கடிதம் எழுதினார். இந்தத் தடவை கையெழுத்தும் போட்டார். பதில் உடனே வந்தது. இன்னும் பதினைந்தே நாள், சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டியது என்று. பதினைந்து நாள் இரண்டு மாதமானது.

இதன் பிறகு உண்ணாமலை பெண்களை ஊர்க் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போகப் பார்த்தாள். கரையில் நல்ல நிழல் இருந்தது. நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் ஊர்க்காரர்கள் வந்து, குடிக்கிற தண்ணீர்ப் பக்கம் சீக்காளிகளைக் கொண்டுவரக் கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு எரிச்சல் இன்னும் அதிகமானது. ஒவ்வொருவர் சொல்வதிலும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. எல்லா நியாயமும் சேர்ந்து எட்டுப் பெண்களைச் சுவருக்கு முன்னால் படுக்க வைத்தது.

கடைசியில் சாலையோரப் புளியமரங்கள்தான் மிஞ்சின. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நடக்க முடிந்தவர்களை அங்கே உட்கார வைப்பாள். கரி பஸ் வரும்போது புழுதியும் புகையும் சேர்ந்து எழும். எல்லாரும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். போகிற வருகிற ஆண்கள் வேண்டுமென்றே நின்று பார்ப்பார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு பாதிப் பெண்கள் வரமாட்டார்கள்.

ஒரு தடவை கண்ணாத்தாள் பார்க்க வந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. தோப்பு இருந்த இடத்தைக் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டாங்க?"

"நான் போகாத எடமில்லை."

"எனக்கு என்ன மருந்து கொடுத்தாங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. புங்கை மரத்தடியில படுத்திருந்தேன்னு சொன்னா ஒருத்தரும் நம்பலை. மாமியார்கூட அந்தச் செவப்பு டானிக்குன்னுதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

உண்ணாமலைக்குக் கோபம் வந்தது. கண்ணாத்தாள் மேல் இல்லை, அந்த டானிக் மேல். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

உலகச் சண்டை முடிந்தது. நாற்பத்தாறில் பெரிய வீட்டுக்குத் தொழில் மறுபடி தலையெடுத்தது. தோப்பு இருந்த இடத்தில் புதிதாக ஒரு பெண்கள் வார்டு கட்டினார்கள். பதினெட்டுக் கட்டில். நல்ல காரியம்தான். அதுவரை தரையில் பாய் விரித்துக் கிடந்தவர்களுக்கெல்லாம் கட்டில் கிடைத்தது. திறப்பு விழாவுக்கு மேளம் வைத்தார்கள், மாவிலைத் தோரணம் கட்டினார்கள். பிச்சையம்மாள் ஆச்சி வந்திருந்தார்கள். உண்ணாமலையைப் பார்த்து அடையாளம் கண்டு சிரித்தார்கள்.

எல்லாரும் போன பிறகு அவள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்னச் சாளரங்கள். காற்று வரும். படுத்திருந்தால் வானத்தில் ஒரு கை அகலம் தெரியும். வேறொன்றும் தெரியாது.

டாக்டர் வாசலில் நின்றிருந்தார். "திருப்திதானே உண்ணாமலை? பத்துக் கட்டில் கூடுதல்."

"சன்னலைக் கொஞ்சம் எறக்கி வச்சிருக்கலாமே ஐயா. அங்கிட்டு ரெண்டு மரம் நட்டாக்கூட..."

"பொம்பளைங்க படுத்திருக்கிற எடம். வெளியேருந்து யாரும் பார்க்கக் கூடாதுன்னு பெரிய வீட்டுலயே சொல்லித்தான் உயரத்துல வச்சது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கேட்டேன். நெசமாவே கேட்டேன்."

அவர் கேட்டிருப்பார் என்று அவள் நம்பினாள். எப்படிக் கேட்டிருப்பார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுவாரம் இருளாயி என்ற பெண்ணைப் புது வார்டில் சேர்த்தார்கள். கருச்சிதைவு. இரண்டு நாள் கழித்து அவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள். புது வார்டு சாலைக்கு இன்னும் தூரம். உண்ணாமலைக்கு முன்னைப்போலத் தூக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. போர்வையை விலக்கி, "எந்திரிச்சு என் தோளைப் பிடி," என்றாள்.

"எங்கே?"

"வெளியே."

"வெளியே என்ன இருக்கு?"

உண்ணாமலை அவள் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "புளியமரம் இருக்கு," என்றாள் பிறகு. "பஸ் வந்தா மூஞ்சியை மூடிக்க."

இருவரும் வார்டைச் சுற்றி மிஞ்சியிருந்த வெட்டுப்பட்ட அடிமரங்களுக்கு நடுவே, நின்று நின்று, சாலையைப் பார்த்து நடந்தார்கள்.